எத்தனை வாய் சாப்பிட்டாள்?

1

இன்று நடந்ததை இன்றைக்கே எழுதாவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. அட்டனிலும் தலவாக்கலையிலும் இருந்துகொண்டு இதைப் படிக்கப்போகும் நீங்கள், ஒரு குழந்தையை நிறுத்துப் பார்த்ததற்கா இந்தக் கிழவன் இப்படிக் குதிக்கிறான் என்று கேட்பீர்கள். கேளுங்கள். நிறுத்தது என் பேத்தியை. எடை குறைந்திருந்தால் அவளை என்னிடமிருந்து கொண்டுபோயிருப்பார்கள்.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தை விட்டுத் தலைமன்னாரில் கப்பலேறி இந்தச் சித்திரையோடு முப்பது வருடம். கொடைக்கானல் டவுனுக்குக் கீழே வட்டக்கானல் என்று ஒரு சின்னக் குடியிருப்பு. அங்கேதான் இருக்கிறோம். மகன் சிவலிங்கம் ஜீப் ஓட்டுகிறான். வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு பாறை, ஏரி, அருவி என்று சுற்றிக்காட்டும் வேலை. மருமகள் ஜோதி இங்கே ஒரு விருந்தினர் விடுதியில் சமையல். அதில் தங்குகிறவர்கள் பெரும்பாலும் இஸ்ரேல் பிள்ளைகள். ராணுவத்தில் இருந்துவிட்டு நேரே இங்கே வந்து மாதக்கணக்கில் மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். என் மனைவி போய் ஆறு வருடமாகிறது. ஆக, காலையில் எல்லோரும் கிளம்பிய பிறகு வீட்டில் இரண்டு பேர்: நானும் தர்ஷினியும். அவளுக்கு நாலு வயது.

தர்ஷினி சாப்பிடமாட்டாள். பிரச்சினை அதுதான்.

மார்கழியிலிருந்து அங்கன்வாடி அட்டையில் அவள் எடைக்கோடு கீழே இறங்கிவிட்டது. அந்த அட்டையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பட்டை பட்டையாக நிறம் இருக்கும். மார்கழியில் மஞ்சள். தையில் மஞ்சள். மாசி, பங்குனி, மஞ்சளேதான். பங்குனி நிறுவைக்குப் பிறகு ஒட்டன்சத்திரத்திலிருந்து ஜோதியின் அக்கா போன் போட்டார். அவர் வீட்டில் மூன்று பிள்ளைகள், மூன்றும் தட்டை வழித்துச் சாப்பிடுகிறவை. "கீழ அனுப்பு. வெயில்ல ஓடியாடுனா தன்னால பசிக்கும். அந்தக் குளிர்ல கெடந்தா புள்ள எப்பிடித் தேறும்?" என்று சொன்னாராம்.

மகனும் மருமகளும் பேசி முடிவெடுத்தார்கள். சித்திரை நிறுவையிலும் மஞ்சள் என்றால் தர்ஷினி ஒட்டன்சத்திரத்துக்கு. அங்கேயே பள்ளிக்கூடத்திலும் சேர்த்துவிடுவது. என்னைக் கேட்டார்களா என்றால், கேட்டார்கள். நீ என்ன சொல்றே அப்பா என்று சிவலிங்கம் கேட்டான். பிள்ளை இளைக்கிறாள் என்கிறபோது நான் என்ன சொல்ல முடியும்?

2

நான் ஊட்டுகிற முறையைச் சொல்கிறேன். குறை இருந்தால் நீங்களே சொல்லுங்கள்.

அவள் தொடாதவை பதினேழு. இட்லி தொடமாட்டாள், வெள்ளையாக இருக்கிறதாம். தோசை தின்பாள், ஓரம் கூடாது. சோற்றில் குழம்பு பட்டால் சோறு கெட்டுப்போனது. குழம்பு படாவிட்டால் சோறு வறட்சி. முட்டை வாசனை. கீரை பச்சை. வாழைப்பழம் உரிக்கும்போது நார் ஒட்டியிருந்தால் பழத்தையே திருப்பிக் கொடுத்துவிடுவாள். கேரட் மட்டும், அதுவும் மண்ணைத் தன் கவுனில் தானே துடைத்து, முயல்போலக் கடிப்பாள். வேகவைத்துக் கொடுத்தால் அது வேறு காயாம்.

நான் தட்டை எடுத்துக்கொண்டு பேரிக்காய் மரத்தடிக்குப் போவேன். குரங்கைக் காட்டி ஒரு வாய். குரங்கு போய்விட்டால் ஜீப்பைக் காட்டி ஒரு வாய். மூடுபனி ஏறி எதுவுமே தெரியாதபோது, பனிக்குள்ளே யானை நிற்கிறது என்று சொல்லி ஒரு வாய். ஒவ்வொரு வாயையும் உரக்க எண்ணுவேன். பதினைந்து வாய் உள்ளே போனால் ஒரு வேளை முடிந்ததாகக் கணக்கு. அவள் ஐந்தாம் வாயை வலக் கன்னத்தில் அடக்கிவைப்பாள், ஆறாம் வாயை இடக் கன்னத்தில். இரண்டும் நிறைந்த பிறகு என்னையே பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒரு நாள் எல்லாவற்றையும் மரத்தடியில் துப்பிவிட்டுச் சொன்னாள்:

"கவுண்ட் பண்ணாதீங்க தாத்தா. வாய் வலிக்குது."

எண்ணாமல் எப்படி ஊட்டுவது? ஜோதி வேலையிலிருந்து வந்ததும் கேட்கிற முதல் கேள்வியே அதுதானே, எத்தனை வாய் சாப்பிட்டாள் என்று. அவளுக்குப் பதில் வேண்டாமா?

நம் தோட்டத்து ரொட்டியையும் சுட்டுப் பார்த்தேன். கோதுமை மா, தேங்காய்ப்பூ, உப்பு, எல்லாம் நம் அளவு. கடையில் கோதுமை மா கேட்டால் இங்கே வேறெதையோ கொடுப்பார்கள். மைதா என்று கேட்க வேண்டும். வந்த புதிதில் பிரெட் என்று கேட்கத் தெரியாமல் ஒரு றாத்தல் பாண் கேட்டு, கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. தர்ஷினி ரொட்டியைப் பிய்த்தாள். உள்ளே தேங்காய்ப்பூவைக் கண்டாள். ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் உள்ளங்கையில் வைத்தாள். பொறுக்கி முடித்தபோது ரொட்டி ஆறிவிட்டது. ஆறின ரொட்டி வேண்டாமாம்.

அதே நாள் மாலை ஜோதி விடுதியிலிருந்து இஸ்ரேல் பிள்ளைகளுக்குச் சுட்ட ரொட்டியில் மிச்சம் கொண்டுவந்தாள். உப்பலாக, நடுவே பை மாதிரி இருக்கும். கூடவே கொண்டைக்கடலையை அரைத்து எலுமிச்சை பிழிந்த ஒரு துவையல். பேத்தி அதில் முக்கால் ரொட்டி தின்றாள். நான் மாவைப் பற்றி ஜோதியிடம் கேட்டேன். அதே மைதாதான். அதே கடைதான். எனக்கு இரண்டு நாள் பொறுக்கவில்லை.

அங்கே என் மகனை நான் இப்படி வளர்க்கவில்லை. வேலை நேரத்தில் பிள்ளைகளை வைத்திருக்கும் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு மலைக்கு வேலைக்குப் போவோம். ஆயாம்மா ஒரு வட்டத் தாம்பாளத்தில் பிசைந்துவைத்து, சுற்றி உட்காரவைப்பார். கைவைத்தவன் தின்றான். அவன் எத்தனை வாய் தின்றான் என்று யாரும் கேட்டதில்லை. கேட்க யாருக்கும் நேரமும் இல்லை. அது நல்லது என்று சொல்லவரவில்லை. அங்கே நோஞ்சானாய்ப் போன பிள்ளைகளும் உண்டு. நான் சொல்வது, பேத்தியிடம் நான் காட்டுகிற கவனம் அவனுக்குக் கிடைத்ததில்லை என்பதுதான். அப்படியிருந்தும் அவன் வளர்ந்தான், இவள் இளைக்கிறாள் என்பது எனக்கு விளங்கவே இல்லை.

3

இந்த இடத்தில் அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அட்டையில் எடையை எழுதுவது நான்தான்.

இங்கே வந்திறங்கியதும் மண்டபம் முகாமில் எங்கள் கப்பல் ஆட்களை வரிசையில் நிறுத்தி ஒருவர் எழுதிக்கொண்டு வந்தார். என்ன தொழில் என்று கேட்டார். கணக்கப்பிள்ளை என்றேன். கொழுந்து நிறுவை, பேர்ப்பதிவு, எல்லாம் என் பொறுப்பு என்றேன். அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. கூலி என்று எழுதிவிட்டார். அந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான் அடுத்த காகிதம் எழுதினார்கள். அடுத்ததைப் பார்த்து அதற்கடுத்தது. முப்பது வருடமாக எல்லாக் காகிதத்திலும் நான் கூலி. கூலி வேலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை, வந்த பிறகு பட்டை உரிக்கவும் குழி வெட்டவும் போனவன்தான். ஆனால் எழுதத் தெரிந்தவனை எழுதத் தெரிந்தவன் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம்.

போன மார்கழியில் அங்கன்வாடி டீச்சர் என்னைக் கூப்பிட்டார். நிறுவை நாளில் பிள்ளைகளைத் தூக்கித் தராசில் மாட்டுவதா, எழுதுவதா என்று அவருக்குக் கை போதவில்லை. "தாத்தா, உங்க எழுத்து அச்சு மாதிரி இருக்கு. நான் உள்ள நிறுத்துச் சொல்றேன். நீங்க வெளிய ஒக்காந்து எழுதிருங்க" என்றார். அரசாங்க அட்டையில் எழுத ஒருவர் என்னைக் கேட்டது அதுவே முதல் தடவை. மறுநாள் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன் என்றால் சிரிக்காதீர்கள்.

அறை சின்னது. தராசு உள்ளே உத்தரத்தில் தொங்கும். நான் வராந்தாவில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பேன். டீச்சர் பேரையும் எடையையும் கூப்பிடுவார். கூப்பிட்டதை எழுதுவேன். எல்லாம் முடிந்த பிறகு, நான் எழுதியதைப் பார்த்து அவர் அட்டையில் புள்ளி வைப்பார். என் பேத்தி முறை வரும்போது மட்டும் கழிவு போட்டு எழுதினேன்.

உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கூடைக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு, மழை நாளில் தண்ணீருக்கு இவ்வளவு என்று கழித்துத்தானே கொழுந்தை எழுதினோம். பெண்கள் திட்டாத நாளில்லை. அதிலும் கணக்கப்பிள்ளைக்கு ஒரு விதி உண்டு: சொந்தக்காரர் கூடைக்கு ஒரு றாத்தல் கூடக் கழிக்க வேண்டும். இல்லாவிட்டால் தன் ஆளுக்குக் கூட்டி எழுதுகிறான் என்று பேச்சு வரும். என் மனைவி கூடைக்கு அப்படித்தான் கழித்தேன். அவள் அன்றைக்கெல்லாம் சமைக்கமாட்டாள்.

மற்றப் பிள்ளைகள் என்ன உடுத்தி வந்தன என்பது எனக்குத் தெரியாது. தர்ஷினிக்கு உடுத்திவிடுகிறவன் நான். கம்பளிச் சுவெட்டர், குரங்குக் குல்லா, காலுறை, உள்ளே ஒன்றுக்கு இரண்டு கவுன். டீச்சர் பன்னிரண்டேகால் என்றால் அது பிள்ளையின் எடை மட்டுமா? துணிக்கு ஒரு கிலோ கழித்தேன். எழுதுகிறவன் தன் பேத்திக்குக் கூட்டி எழுதினான் என்று நாளைக்கு ஒருவரும் சொல்லக்கூடாது என்று இன்னொரு கால் கிலோவும் கழித்தேன். பதினொன்று என்று எழுதினேன். நியாயம்தானே?

4

சித்திரை நிறுவைக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கொடைக்கானலில் ஞாயிறுதான் சந்தை. மன்னவனூரிலிருந்து கேரட் கொண்டுவருகிற வியாபாரி ஒருவர் பெரிய மேடைத் தராசு வைத்திருக்கிறார். வாராவாரம் தர்ஷினியைக் கூட்டிக்கொண்டுபோய் அதில் ஏற்றிப் பார்ப்பது என் வழக்கம். பதிலுக்கு அரைக் கிலோ கேரட் வாங்கிவிடுவேன். அன்றைக்கு ஜோதிக்கு லீவு, அவளும் வந்தாள்.

வியாபாரி தர்ஷினியைத் தூக்கித் தராசில் நிறுத்தினார். அவள் கையில் ஒரு கேரட்டைக் கொடுத்துவிட்டு, உடனே அதைப் பிடுங்கிக்கொண்டார். "கேரட்டையும் சேத்து நிறுத்தா ஒங்க தாத்தா என்ன விடமாட்டாரு" என்றார். பன்னிரண்டே முக்காலுக்குக் கொஞ்சம் மேலே நின்றது. நான் வழக்கம்போல வாய்க்குள்ளே கழித்து, பதினொன்றரை என்றேன்.

வியாபாரி சாக்கின்மேல் சாய்ந்துகொண்டு சிரித்தார். "பெரியவரே, நான் கேரட்டுக்குத்தான் மண்ணு கழிப்பேன். நீங்க புள்ளைக்கு என்னத்தக் கழிக்கிறீங்க? மண்ணோடயா கெடக்கு?"

நான் அவருக்கு விளக்கினேன். சுவெட்டர், குல்லா, காலுறை, கவுன். ஜோதி நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு குனிந்து பிள்ளையின் குல்லாவைக் கழற்றினாள். சுவெட்டரைக் கழற்றினாள். காலுறையையும் மேல்கவுனையும் கழற்றினாள். சந்தை நடுவே, குளிரில், என்ன செய்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. தன் சால்வையால் பிள்ளையைப் போர்த்தி என் கையில் கொடுத்துவிட்டு, கழற்றிய துணி மொத்தத்தையும் சுருட்டித் தராசில் வைத்தாள்.

முள் அரைக் கிலோவைக்கூடத் தொடவில்லை.

வியாபாரி முள்ளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் சிரிப்பு நின்றுவிட்டது. ஜோதி என்னிடம் அங்கன்வாடியிலும் இதே கழிவுதானா என்று கேட்டாள். அதேதான், துணிக்கு ஒரு கிலோ, சொந்தக்காரிக்குக் கால் கிலோ என்று சொன்னேன். அவள் தராசிலிருந்து துணியை அள்ளிக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"அங்க டீச்சர் சுவெட்டர் குல்லாவெல்லாம் கழட்டி பெஞ்சுல போட்டுட்டுத்தான் மாமா நிறுப்பாங்க. போன வருசம் பூரா நாந்தான கூட்டிட்டுப் போனேன்."

வராந்தாவில் உட்கார்ந்திருந்த எனக்கு அது தெரியாது. உள்ளே போகும்போது சுவெட்டரோடு போவாள். வெளியே வரும்போதும் அங்கன்வாடி ஆயா போட்டுவிட்ட சுவெட்டரோடுதான் வருவாள். மார்கழியில்தான் கோடு இறங்கியது. மார்கழியில்தான் நான் எழுத ஆரம்பித்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க இத்தனை மாதம் எனக்குத் தோன்றவே இல்லை.

ஜோதியின் அம்மாவும் இலங்கையில் கொழுந்து பறித்தவர். எங்கள் தோட்டமல்ல, பக்கத்து மலை. ஜோதி துணியை ஒவ்வொன்றாகப் பிள்ளைக்கு மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"எங்கம்மா கூடையில உங்க ஆளுக கழிச்சாங்க. சரி, அது போச்சு. என் புள்ள ஒடம்புலயுமா மாமா கழிப்பீங்க?"

கேரட்டுக்கு வியாபாரி காசு வாங்கவில்லை.

5

வீட்டுக்கு வந்ததும் ஜோதி இரண்டு உத்தரவு போட்டாள். ஒன்று, ஒட்டன்சத்திரத்துப் பேச்சு இன்னும் போகவில்லை. அட்டையில் டீச்சர் கண் முன்னால் சரியான எடை ஏறட்டும், அப்போதும் மஞ்சளாக இருந்தால் பிள்ளை கீழேதான் போகும். இரண்டு, அதுவரை நான் ஊட்டக்கூடாது. தட்டைப் பிள்ளை முன்னே வைத்துவிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார வேண்டும். எண்ணக்கூடாது.

அந்தப் பத்து நாளும் நான் பட்ட பாட்டை யாரிடம் சொல்ல? பேரிக்காய் மரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பின்னால் ஸ்பூன் சத்தம் வரும். அது வாய்க்குப் போகிற சத்தமா, தட்டைச் சுரண்டுகிற சத்தமா என்று காதைத் தீட்டுவேன். ஒரு நாள் சத்தம் வெரசா வெரசா வந்தது. எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். திரும்பிப் பார்த்தால் பக்கத்து வீட்டு நாய் தின்றுகொண்டிருந்தது. அவள் அதற்கு ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தாள். இன்னொரு நாள் நான் தூங்கிப்போனேன். விழித்தபோது தட்டு காலி, நாயும் அக்கம்பக்கத்தில் இல்லை, அவள் உதட்டோரத்தில் ரசம் காய்ந்திருந்தது. குழம்பு பட்ட சோற்றைத் தொடாதவள்! ஜோதி வந்து எத்தனை வாய் என்று கேட்டாள். தெரியாது என்றேன். அவள் சிரித்ததுபோல இருந்தது.

மாறிவிட்டாள் என்று எழுத ஆசைதான். மாறவில்லை. பதினேழில் பதினைந்தை இன்னும் தொடுவதில்லை. கன்னத்தில் அடக்குவது மட்டும் நின்றுவிட்டது.

6

இன்று காலை நிறுவை. ஜோதி வேலைக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டு எங்களோடு வந்தாள். நடந்ததையெல்லாம் அவளே டீச்சரிடம் சொன்னாள். நான் வராந்தாவிலேயே நின்றேன். டீச்சர் என்னை எழுத வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் மேசையை உள்ளே இழுத்துப் போடச் சொன்னார். "இங்க தராசு பக்கத்துல ஒக்காருங்க தாத்தா. கண்ணால பாத்து எழுதுங்க" என்றார்.

பார்த்தேன். பெஞ்சில் சுவெட்டரும் குல்லாவும் குவிந்து கிடந்தன. சிவப்பு, நீலம், கத்தரிப்பூ. ஐந்து மாதமாக என் முதுகுக்குப் பின்னாலேயே இருந்திருக்கின்றன.

தர்ஷினி முறை. குல்லா போயிற்று, சுவெட்டர் போயிற்று. மெல்லிய ஒற்றைக் கவுனோடு தராசுத் துணியில் கால் இரண்டும் தொங்க, கையைத் தட்டிக்கொண்டு ஆடினாள். முள் நிற்க வேண்டும் அல்லவா! ஆடாதே கண்ணு, ஆடாதே என்று நானும் ஜோதியும் டீச்சரும் ஒரே நேரத்தில் சொன்னோம். முள் ஆடி ஆடி நின்றது.

"பன்னெண்டரை" என்றார் டீச்சர்.

பேனாவை எடுத்தேன். ஒன்று எழுதினேன், இரண்டு எழுதினேன். அரையை எழுதப்போகும்போது கை தன்னால் நின்றுவிட்டது. சொந்தக் கூடை. ஒரு கால் கிலோவாவது... பின்னாலிருந்து ஜோதியின் குரல் வந்தது.

"மாமா, பேனா ஏன் நிக்குது?"

அரையை எழுதினேன். முழு அரை. டீச்சர் அட்டையில் புள்ளி வைத்தார். பச்சை! மஞ்சளின் விளிம்பைத் தாண்டி, பச்சைக்குள்ளே ஏறிப் பச்சை! நான் எழுந்து நின்றேன், ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை. அடுத்த பிள்ளையைக் கூப்பிட வேண்டும், உட்காருங்க தாத்தா என்றார் டீச்சர்.

பழைய மாதங்களைத் திருத்த வேண்டுமென்றால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் மேலதிகாரி கையெழுத்து வேண்டுமாம். அது கிடக்கட்டும் என்றார் டீச்சர். ஆனால் அவருக்கு வேறொரு கவலை. ஒரே மாதத்தில் இவ்வளவு எடை ஏறியதைப் பார்த்தால் மேலிடத்தில் என்ன கொடுத்தீர்கள் என்று கேட்பார்கள், நாம் என்ன சொல்வது என்றார். கேரட் என்று சொல்லுங்கள் என்றேன்.

ஜோதி அங்கிருந்தே அக்காவுக்குப் போன் போட்டாள். "இல்லக்கா, வரல. இங்கனயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, வெரசாக விடுதிக்கு ஏறிப் போய்விட்டாள். போகிற வழியில் என்னைத் திரும்பிப் பார்த்தாள். போதும். இனி இந்தக் கிழவன் கணக்கு எங்கள் வீட்டில் செல்லாது என்றாலும் பரவாயில்லை.

மத்தியானம் மூடுபனி ஏறிவிட்டது. நேற்றைய விடுதி ரொட்டியும் கடலைத் துவையலும் இருந்தன. தட்டை அவள் முன்னே வைத்துவிட்டு, உத்தரவுப்படி முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். சத்தமே இல்லை. வெகு நேரம் சத்தமில்லை. பிறகு அவள் எழுந்து என் முன்னால் வந்து நின்றாள், தட்டோடு.

"வாயத் தெறங்க தாத்தா."

ரொட்டியைப் பிய்த்துத் துவையலில் முக்கி, என் வாயில் திணித்தாள். ஒன்று என்றாள். பனிக்குள்ளே யானை நிற்கிறது பாருங்கள் என்று காட்டினாள். பார்த்தேன். இரண்டு. பல்லில்லாத பக்கம் போய்விட்டது, மென்று முடிப்பதற்குள் மூன்று. வலக் கன்னத்தில் அடக்கிக்கொண்டேன். நாலு.

என் சட்டையைப் பார்த்தாள். துவையலோடு ஒரு துண்டு விழுந்து கிடந்தது. நாலு விரலை நீட்டி அதில் ஒன்றை மடக்கினாள்.

"சிந்திட்டீங்க. அதக் கழிச்சா மூணுதான். இன்னும் வாங்கிக்கங்க."

திறந்தேன்.